மஸ்டாங்கின் தண்டு எவ்வளவு தாங்க வேண்டும்?

எஞ்சினின் முறுக்குவிசையை மட்டும் வைத்து, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களை நோக்கிச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ்ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். 2011ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.66, அதாவது முறுக்குவிசையை அத்தனை மடங்காக்குகிறது என்பதால், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்தி 600 நியூட்டன் மீட்டராக உயர்த்தப்பட்ட எஞ்சின், புறப்படும்போது தண்டின் மீது ஏறத்தாழ 2,200 நியூட்டன் மீட்டரைச் சுமத்துகிறது. நன்றாகப் பிடிக்கும் டயரும் கிளட்சைச் சட்டென விடும் காலும் சேர்ந்தால் அதிர்ச்சிச் சுமை அதையும் மிஞ்சும்.

ஆயினும் வலிமையை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறுவனம் தந்த இரண்டு துண்டு எஃகுத் தண்டை நீக்கி ஒரே துண்டு அலுமினியத் தண்டைப் பொருத்தும்போது, தாங்கியில்லாத நீளம் கூடுவதால், தண்டு வில்போல் வளைந்து அதிரத் தொடங்கும் சுழல்வேகம் அந்நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதனால்தான் விட்டம் பெரிய குழாய் தேவைப்படுகிறது. (எடை குறைவது, என்னைக் கேட்டால், இரண்டாம்பட்சம்.) தண்டின் முனையில் கோணம் மாற இடந்தரும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள், குழாய்க்கு முன்பே அது உடைவதுண்டு.