குழியைத் தாங்கும் களிமண்

எங்கள் தெருமுனையில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு பைலிங் வேலை, அதாவது ஆழக் குழி தோண்டி அடித்தளத்துக்கு கான்கிரீட் தூண் போடும் வேலை, நடக்கிறது. சாம்பல் நிறத்தில் கஞ்சி போல ஒன்றைத் தொட்டியில் கலக்கி, தோண்டத் தோண்டக் குழிக்குள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். "சேத்தை எதுக்குண்ணா உள்ள ஊத்துறாங்க?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்.

அது பென்டோனைட், தம்பி. எரிமலைச் சாம்பல் கடலிலோ ஏரியிலோ படிந்து, நீரோடு வினைபுரிந்து, நெடுங்காலத்தில் மாறி உண்டாகும் களிமண். அதன் நுண்ணிய தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும். சோடியம் வகை பல மடங்கு உப்பும், கால்சியம் வகை அவ்வளவு உப்பாது. சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்து அதையும் தேற்றுவார்கள். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குணம் வேறு. கலக்கினால் இளகும், அசையாமல் விட்டால் கூழாக இறுகும். குழிச் சுவரில் மெல்லிய தோல் போலப் படிந்து, உள்ளிருந்து அழுத்தி, மணல் சரியாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஏற ஏற, கரைசல் மேலே வந்துவிடும்.

கோவை பவுண்டரிகளில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் மணல் அச்சு உதிராமல் நிற்பதும் இதன் பிடிப்பில்தான்.

ஒரே வருத்தம், மிச்சக் கரைசலை மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டார்கள். அடைத்துக்கொள்ளும். டேங்கரில் ஏற்றிப் போகச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன், நாளை காலை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.