வெறும் வயிறு என்ற ஒற்றை வரி

பல் மருத்துவமனைக்குப் போனால் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "நிறைய சாக்லேட் சாப்பிடுவாளோ?" என் மகள் சாக்லேட்டை வாயில் வைத்ததே இல்லை. அவளுக்குக் கிளைகோஜன் சேமிப்பு நோய், வகை 1ஏ. கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும். அதை ரத்தத்தில் விடுவதற்கான நொதி மட்டும் வேலை செய்யாது. குதிர் நிறைய நெல் இருந்தும் திறக்க வழியில்லாத வீடு மாதிரி. இனிப்பு, பழம், பால் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு.

அவளைக் காப்பது, வயிற்றில் மெல்லச் செரித்துச் சர்க்கரை தரும் வேகவைக்காத கார்ன்ஃப்ளோர் மாவு. தண்ணீரில் கலக்கிச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், கொடுக்க வேண்டும். 1984இல் இந்த வழி வெளிவரும்வரை இரவு முழுவதும் மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு செலுத்தினார்களாம். ஆனால் அரைத்தூக்கத்தில் மாவுக்கரைசலைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுக்கும் குழந்தையை எழுப்பிப் பல் துலக்கவைத்துப் பாருங்கள்! கடைவாய்ப் பற்கள் சொத்தையாயின. ஒன்றில் சீழ் வைத்தது. நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யக்கூடிய வேலையாக அது இல்லை. முழு மயக்கம் தேவை என்றார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் அச்சடித்த தாளை நீட்டினார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, காலையில் வந்து மாலையில் போகலாம், "பல்தானே!" மற்றக் குழந்தைகளுக்கு அந்த ஆறு மணி நேரம் பசியும் அழுகையும். இவளுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கி அது வலிப்புவரை போகலாம். மயக்கத்தில் இருந்தால் வியர்வை, சிடுசிடுப்பு, உளறல் என்று எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு கிடைத்த மயக்க மருத்துவர் வேறு மாதிரி. பல்லைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "கடைசி மாவு எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் தாங்குவாள்?" என்றுதான் ஆரம்பித்தார். எங்கள் வளர்சிதைமாற்ற மருத்துவரிடம் அவரே பேசினார். முதல் நாளே சேர்த்து, உண்பதை நிறுத்துமுன்பே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) சலைனுடன் ட்ரிப்ஸாக ஏறத் தொடங்கியது. அறுவை அரங்குகளில் கைக்கு எட்டும் ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் திரவம் கூடாது. லாக்டேட் ஏற்கெனவே இவள் உடம்பில் மிகுதி. இந்த நோயில் ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாவிட்டாலும் சரியாக ஒட்டாது. சர்க்கரையைச் சீராக வைத்திருந்தால் அதுவும் தேறும் என்பதால் ட்ரிப்ஸுக்கு இன்னொரு பயனும் இருந்தது. பல் சிகிச்சையில் சுவாசக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியே விடுவார்கள். இவளுக்கு மூக்கில் ரத்தம் வரும். "வாய் வழியாகவே விடுகிறேன், நீங்கள் சுற்றி வேலை செய்துகொள்ளுங்கள்" என்று பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டார். பல் மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிடுங்குவதைப் பிடுங்கி, மற்றவற்றுக்கு உலோக உறை போட்டு, எல்லாம் ஒரே மயக்கத்தில் முடிந்தது. நடுநடுவே சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. கண் விழித்துவிட்டாளே என்று ட்ரிப்ஸைச் சட்டென நிறுத்தினால், அதுவரை சுரந்த இன்சுலின் சர்க்கரையை இழுத்துக் கீழே தள்ளிவிடும். வாந்தியில்லாமல் மாவு வயிற்றில் தங்கிய பிறகே மெல்ல மெல்லக் குறைத்தார்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பில் முதல் வரியே "ஐஸ்கிரீம் கொடுக்கலாம்" என்று இருந்தது. செவிலியர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் மாவு கொடுக்க வேண்டிய நேரங்களை எழுதிக்கொடுத்தார்.