மண்ணெண்ணெய் குடித்த கொரோலா: நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

கொம்பிரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அமுக்கம் அளக்கும் கருவி) ஒருவழியாக இரவலாகக் கிடைத்தது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, மருமகனை உள்ளே இருத்தி அக்சிலறேற்றரை முழுதாக அமத்தச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தேன். நாலும் 105க்கும் 110 பீ.எஸ்.ஐ.க்கும் இடையில் நின்றன. இந்த வயதில் குறைவது சரி, ஆனால் சொல்லிவைத்தாற்போல நாலும் ஒரே அளவாகவா குறையும்? பிஸ்ரன் ரிங் தேய்ந்தால் ஒன்று நல்லாயிருக்கும், ஒன்று படுத்திருக்கும். பிளக் ஓட்டைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி சுற்றினோம். ரிங் போயிருந்தால் ஊசி மேலே ஏறவேண்டும். ஏறவே இல்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: வண்டி 1978ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, கேஈ 30, நாலு கதவு. எஞ்சின் 3கே, 1166 சீசீ. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு நாட்டுக்குள் வந்த ஜப்பான் கார்களில் ஒன்று. சாவகச்சேரிப் பக்கம் வாடகைக் காராக ஓடி, கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் நின்றது. இப்போது யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ்.

மருமகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "மாமா, உதைத் தூக்கி எறிஞ்சிட்டு லைற்ஏஸ் வானின்ர 5கேயைப் போடுங்கோ. அப்பிடியே இருக்கும்." இருக்கும்தான். 5கேயும் அதே குடும்பம், 1486 சீசீ. மலிவாகவும் கிடைக்கும். ஆனால் இந்த நாலு சிலிண்டர் கணக்கு என்னவென்று தெரியாமல் எஞ்சினை விட எனக்கு மனம் வரவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். காருக்கும் விபூதி பூசியாயிற்று. வேறு வேலை நடக்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும்.

மானிப்பாயில் முந்தி கராஜ் வைத்திருந்த ஐயாவைக் கூட்டிவந்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். எழுபது தாண்டியவர். ஸ்பனரைப் பிடிக்கும்போது மட்டும் கை நடுங்காது. ஹெட் தூக்கி வைத்தபின், அதற்கும் புளொக்குக்கும் இடையில் இருக்கும் காஸ்கற்றைப் பார்த்தேன், வழமையைவிடத் தடிப்பாகத் தெரிந்தது. விளிம்பில் பிளேட் நுனியை மெல்ல நுழைத்தார் ஐயா. கரி உதிர்ந்து ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஹெட் காஸ்கற்! மேலே இருந்தது முழுசு. கீழே இருந்தது ஏற்கனவே ஒருமுறை பாவித்துக் கழற்றியது. தண்ணி ஓட்டைகளைச் சுற்றி யாரோ அலுமினியப் பெயின்ற் பூசியிருக்கிறார்கள், கசியாமல் இருக்க.

"உது ஆர் செய்ததெண்டு தெரியாது தம்பி. ஏன் செய்ததெண்டு தெரியும்" என்றார்.

1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்ததும் யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. இங்கே என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்த மணம் தெரியும்: வீதியால் ஒரு கார் போனால் குப்பி விளக்கு அணைந்த மணம் வரும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (முந்தி வெடிக்காமல் தாங்கும் தன்மை) மிகவும் குறைவு. கொம்பிரஷன் கூடிய எஞ்சினில் ஊற்றினால் நேரத்துக்கு முன்னமே வெடித்து பிஸ்ரனைத் தட்டும். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் பழைய வடிவம், கொம்பிரஷன் குறைவு, அதனால் மண்ணெண்ணெயை முணுமுணுக்காமல் குடித்தன. 3கேயின் கொம்பிரஷன் விகிதம் 9க்கு 1. அது முரண்டு பிடித்தது. அதனால்தான் இரண்டாவது காஸ்கற்: ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் எரியும் அறை பெரிதாகும், கொம்பிரஷன் இறங்கும், தட்டலும் குறையும். நாலு சிலிண்டரும் ஒரே அளவாக இறங்கிய கணக்கு அவ்வளவுதான்.

ஐயா சொன்ன அடுத்த விஷயம் எனக்கு இதைவிடப் பிடித்தது. வால்வைத் திறக்கும் காம் ஹெட்டுக்குள்ளேயே உள்ள எஞ்சினில் இப்படி உயர்த்தினால் செயின் இழுபட்டு வால்வு ரைமிங் பிந்திப்போகும். 3கேயில் காம் கீழே புளொக்குக்குள் இருக்கிறது, புஷ் றொட் என்ற கம்பிதான் மேலே வருகிறது. ஹெட் உயர்ந்தாலும் ரைமிங்குக்கு ஒன்றும் ஆகாது. றொக்கர் ஸ்குறூவைத் திருகி இடைவெளியைச் சரிசெய்தால் போதும். இன்ரேக்கும் எக்ஸோஸ்ற்றும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருப்பதும் உதவிதான், அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகும். அதுவும் போதாதென்று எக்ஸோஸ்ற் மனிபோல்டைச் சுற்றி ஒரு செப்புக் குழாயை மூன்று சுற்றுச் சுற்றி, எண்ணெயை அதற்குள்ளால் விட்டிருக்கிறார்கள். பழைய ஏதோ பிறேக் லைன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்த குழாய் அது. எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் (பயர்வோல்) இருக்கும் சின்னக் கொளுக்கி, ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் பெற்றோல் போத்தல் தொங்கிய இடமாம். ஓடிச் சூடானதும் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்து முதலில் மணந்துதான் பார்ப்பாராம் ஐயா. இன்றைக்கும் அப்படித்தான் செய்தார், பழக்கதோஷம்.

சிலிண்டர் சுவரில் பெரிய தேய்மானம் இல்லை. எஞ்சின் மாற்றும் பேச்சை மருமகனும் விட்டுவிட்டான்.

2 பெப்ரவரி, ஞாயிறு

நேற்றுமுதல் தனியார் வாகன இறக்குமதிக்கு அனுமதி. 2020 மார்ச்சில் மூடிய கதவு ஐந்து வருஷத்துக்குப் பிறகு திறக்கிறது. இந்த இடைவெளியில் பழைய கார்கள் ஏறிய விலை எல்லோரும் அறிந்ததே. கராஜ் மூலைகளில் கோழி முட்டையிட்ட லான்சருக்கெல்லாம் ஆட்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். "இனி விழும், இப்பவே வித்துப்போடு" என்று இரண்டு பேர் அறிவுரை சொன்னார்கள். அதில் ஒருவர், கையோடு தானே வாங்குவதாகவும் சொன்னார்.

15 பெப்ரவரி, சனி

இரவு பஸ்ஸில் கொழும்பு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தோம். கேஈ 30 பாகங்களுக்காக ஒன்று கூடுதலாக உடைத்தேன்.

பஞ்சிகாவத்தையைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மருதானைப் பக்கம், ஒடுக்கமான கடைகள், வாசல் முழுக்கக் கழற்றிய கார்கள். ஒரு கடை ஹெட் லைற் மட்டும், அடுத்தது கதவுக் கைபிடி மட்டும், அதற்கடுத்தது கியர் பொக்ஸ். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அங்கே "ஐசான் காபுரேற்றர், த்ரீகே" என்று சொன்னால் மொழி தேவைப்படாது. எங்கள் காரின் காபுரேற்றரில் மண்ணெண்ணெய்க்காக எண்ணெய் பாயும் மெயின் ஜெற்றின் துவாரத்தைப் பெருப்பித்திருக்கிறார்கள். பெற்றோலுக்கு அது கட்டுக்கடங்காமல் ஊற்றும். பாவித்த காபுரேற்றர் ஒன்று ஜெற் கைபடாமல் கிடைத்தது.

காஸ்கற்தான் இழுபறி. ஒரு கடைக்காரர் "எல்லாக் கே எஞ்சினுக்கும் ஒண்டுதான்" என்று ஒன்றை நீட்டினார். 3கேக்கும் 4கேக்கும் சிலிண்டர் துளை 75 மி.மீ.; 5கேக்கு 80.5. ஐயா கொடுத்துவிட்ட வேனியர் அளவுகோலால் அவர் முன்னாலேயே அளந்தேன். எண்பதைத் தாண்டியது. பேசாமல் உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார், விலையும் கொஞ்சம் குறைந்தது.

பின் விளக்கு இடதுபக்க லென்ஸ் மட்டும் எங்கும் இல்லை.

2 மார்ச், ஞாயிறு

டிங்கரிங் (தகட்டு வேலை) தொடங்கியாயிற்று. கடல்காற்று இந்தக் காரின் அடிப்பக்கத்தை அரித்துவைத்திருக்கிறது. சாரதி பக்க விரிப்பைத் தூக்கினால், தரை இருக்கவேண்டிய இடத்தில் தட்டி நிமிர்த்திய எண்ணெய்ப் பேணித் தகரம். சுற்றிவர ரிவிற், விளிம்புக்குத் தார். எழுத்து அழிந்துவிட்டது, ஒரு தென்னை மரப்படம் மட்டும் மங்கலாக இருக்கிறது. டிங்கர் அண்ணை அதை வெட்டி எறியக் கட்டரை எடுத்தார், நான் தடுத்தேன்.

மருமகனோடு இதில் பெரிய விவாதம். பழைய காரைத் திருத்துவது என்றால் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி ஆக்குவது என்பது அவன் கட்சி. ஜப்பானில் அப்படிச் செய்யலாம். அங்கே வண்டி ஒரு கையால் வாங்கப்பட்டு ஒரே வீட்டில் நின்றிருக்கும். இந்தக் கார் ரொயோட்டா தொழிற்சாலையில் பிறந்தது ஒருமுறை, குடாநாட்டு கராஜ்களில் பிறந்தது பலமுறை. இரண்டாவதை முழுதாக அழித்துவிட்டு முதலாவதை மட்டும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காக ஓட்டைத் தரையோடு ஓடவும் முடியாது. கடைசியில் புதுத் தகடு வெட்டி வெல்ட் பண்ணினோம். பேணித் தகரத்தைக் கழற்றித் துடைத்து, டிக்கிக்குள் ஸ்பெயர் வீலுக்குப் பக்கத்தில் திருகி வைத்தாயிற்று. செப்புக் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும், இணைப்பு மட்டும் இல்லை.

16 மார்ச், ஞாயிறு

காலை யாழ்ப்பாணம் பண்ணைக் கடலோரத்தில் பழைய கார்க்காரப் பெடியளின் ஒன்றுகூடல். எங்கள் கார் இன்னும் எழும்பவில்லை, மோட்டார் சைக்கிளில்தான் போனேன்.

வந்தவை: பெட்டி லான்சர்கள், டட்சன் 120வை ஒன்று, கேபீ 61 ஸ்ரார்லெற், கேஈ 70 வாகன். ஸ்ரார்லெற் தரையோடு ஒட்டி நிற்கிறது. வேகத்தடையைக் கண்டால் சொந்தக்காரர் இறங்கித் தூக்குவாரோ தெரியாது. நடுவில் ஒரு ஒஸ்ரின் ஏ40; இன்றைக்கும் வாடகைக்கு ஓடுவது. அதன் ஐயா ஜப்பான் கார்களைப் பார்த்த பார்வையில், "நேற்று வந்தவை" என்று எழுதியிருந்தது.

பேச்சு முழுக்க ஏப்ரல் நுவரெலியா. மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது, சித்திரைப் பருவத்தில் அதைப் பார்க்கவே இரவோடிரவாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுப் போட்டிகளில் போர்ட் லேசர், மஸ்டா வகைகளுக்கென்று 1300 சீசீ வகுப்பு இருப்பதால்தான் அந்தப் பழைய கார்களுக்கு இன்னும் மரியாதை என்றான் ஒரு தம்பி. உண்மைதான். ஓடுவதற்கு இடம் இருந்தால் எந்தக் காரையும் யாரோ உயிரோடு வைத்திருப்பார்கள்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கை. சிங்கள ஸ்ரீ எழுத்துப் பழைய இலக்கத் தகடு உள்ள காருக்கு இப்போது தனி மவுசு. தகடு மாறாமல் இருந்தால் விலையும் கூட. 1957இல் அந்த எழுத்தைக் கட்டாயமாக்கியபோது எங்கள் ஆட்கள் தார் பூசி அழித்தார்கள், அந்த எதிர்ப்பு நாட்டையே உலுக்கியது. இன்றைக்கு அதே எழுத்தை ஒரு பதினெட்டு வயதுப் பெடியன் பிறாசோ (உலோகம் மினுக்கும் பசை) போட்டு மினுக்கிக்கொண்டு நின்றான். ஒஸ்ரின் ஐயா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையைத் துப்பினார்.

30 மார்ச், ஞாயிறு

எழும்பிவிட்டது!

புதுக் காஸ்கற் ஒன்றே ஒன்று. டிஸ்றிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 0.45 மி.மீ. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வால்வு இடைவெளி: இன்ரேக் 0.20, எக்ஸோஸ்ற் 0.30. ஐயா இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜைக் கையில் வாங்கி, உள்ளே விட்டு இழுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு வரவேணும், வழுக்கக் கூடாது" என்று எனக்கும் மருமகனுக்கும் விரலில் உணரப் பழக்கினார். கொம்பிரஷன் இப்போது நாலிலும் 150ஐத் தாண்டுகிறது. ஐடிலில் விட்டுவிட்டு ராப்பட் கவரின் மேல் ஒரு ரூபாய்க் குற்றியை நிறுத்தப் பார்த்தான் மருமகன். விழுந்தது. அவ்வளவு ஆசை கூடாது.

பெற்றோல் வாசனையோடு ஓடும் இந்தக் காரை ஐயா சுற்றிச்சுற்றி வந்தார். "சத்தம் மாறிப்போச்சு" என்றார். குறையாகச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

10 ஏப்ரல், வியாழன்

புகைப் பரிசோதனை பாஸ். காபுரேற்றரின் மிக்ஸர் ஸ்குறூவைக் கால் சுற்று உள்ளே திருகிக் கொண்டுபோனது உதவியது. பரிசோதிக்கிற தம்பி பொனற்றைத் தூக்கிவிட்டு, மனிபோல்டில் சுற்றியிருந்த செப்புக் குழாயைக் காட்டி இது என்னவென்று கேட்டான். "தேத்தண்ணிக்குத் தண்ணி சுட வைக்க" என்றார் ஐயா, முகம் மாறாமல். தம்பி தலையாட்டிக்கொண்டு எழுதினான். என்ன எழுதினானோ.

பின் விளக்கு லென்ஸ் பற்றி: வவுனியாவில் ஒருவரிடம் இடதுபக்கம் இருக்கிறது, காசுக்குத் தரமாட்டாராம். கேஈ 30இன் முன்பக்கக் கிறில் ஒன்று கொண்டுவந்தால் மாற்றுவாராம். கிறில் நம்முடைய டட்சன் 120வைக்காரரிடம் இருக்கிறது, அவர் எப்படியோ வாங்கி வைத்திருக்கிறார். அவருக்குத் தேவை 120வையின் டாஷ்போட் மணிக்கூடு. அது ஸ்ரார்லெற் பெடியனின் அலுமாரிக்குள் இருக்கிறதாம், ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க, புதுவருஷம் முடிந்ததும் மருமகன் போகிறான்.