வெடித்த டாஷ்போர்டு பேடைக் கழற்றிச் சரிசெய்த அனுபவம்

பழைய காரின் டாஷ்போர்டு பேட், அதாவது ஃபோமின் மேல் ரெக்சின் போர்த்திய மேல்பகுதி, வெடித்துவிட்டால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். வெயில் பாதிக் காரணம். பிவிசி ரெக்சினை வளைய வைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர்தான். எண்ணெய் மாதிரியான அந்தப் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அது போனதும் மேல்தோல் விறைத்துச் சுருங்கும். அடியில் ஃபோமோடு ஒட்டியிருப்பதால் சுருங்க இடமில்லாமல் பிளந்துகொள்ளும். என் எழுபதுகளின் காரில் ஸ்பீக்கர் வலைமூடி ஓரத்தில் ஆரம்பித்த பிளவு முன்கண்ணாடி வரை ஓடி, உள்ளே மஞ்சள் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பேடைக் கழற்றாமல் பிளவை நிரப்பும் பட்டியை மேலேயே போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிக்கு அடியில் போகும் ஓரத்தில் உப்புத்தாளை ஓட்டவே முடியாது. பிளவு மறுபடி விடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். மீட்டர்களுக்குப் பின்னால் ஸ்பேனரோடு கைவிடப் போகிறோம், அங்கே எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர்களும் உண்டு. அப்புறம் கிளவ் பாக்ஸ், கண்ணாடியின் இரு பக்கத்துத் தூண் மூடிகள், மீட்டர் பெட்டி. இதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்க்ரூக்களை, எடுத்த இடத்தை வரைந்த அட்டையில் அங்கங்கே குத்தி வைத்தேன்.

பேடுக்குள் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. அதிலிருந்து நீளும் ஸ்டட்களில் (மரை போட்ட தண்டுகளில்) அடிப்பக்கமாக நட் போட்டிருப்பார்கள். துருப்பிடித்த நட்டை வேகமாகத் திருப்பினால் நட்டுக்குப் பதில் ஸ்டட்டே சுழலும், சுற்றியிருக்கும் ஃபோமும் கிழியும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, நட்டைக் கால் சுற்று தளர்த்தி, திரும்ப அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படியே ஒவ்வொன்றாக எடுத்தேன். கண்ணாடிப் பக்கத்து ஓரம் பழைய ரப்பரோடு ஒட்டிப்போயிருந்தது. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் தகடு செருகிப் பிரித்தேன். குளிர்ந்த ரெக்சினை வளைத்தால் அப்பளம்தான்.

வெளியே எடுத்ததும் கை சாயத்துக்குத்தான் பரபரக்கும். ஆனால் அதிக நேரம் தின்றது சுத்தம் செய்வதுதான். வருடக்கணக்கில் தேய்த்த டாஷ்போர்டு பாலிஷில் சிலிக்கான் இருக்கும். அது துளி மிச்சமிருந்தாலும் சாயம் அந்த இடத்தில் விலகி மீன்கண் போலக் குழி விழும். சோப்புத் தண்ணீர், மெழுகும் கிரீஸும் நீக்கும் திரவம், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாகத் திரளாமல் விரியும்வரை விடவில்லை.

பிளவுக்குப் போடும் பட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பாடி ஒர்க் பட்டி கல்லாக இறுகிவிடும்; பக்கத்து ரெக்சின் சூட்டில் விரியும்போது பட்டி அசையாது, ஓரத்தில் மறுபடி கோடு விடும். அதோடு பேட் வெறும் அலங்காரமும் இல்லை. மோதலில் தலை வந்து இடித்தால் தாங்குவதற்குத்தான் அந்த ஃபோம். அமெரிக்காவில் 1968 முதல் கார்களின் உட்புறத்துக்கு இதற்கென்றே பாதுகாப்பு விதி இருக்கிறது. அதனால் காய்ந்தபிறகும் வளையும், இரண்டு கலவை யூரித்தேன் பட்டிதான் வாங்கினேன். பிளவின் மேலெழும்பிய உதடுகளைப் பிளேடால் வி வடிவில் சீவி, பொடியான ஃபோமைச் சுரண்டி எடுத்து, மெல்லிய அடுக்குகளாக நிரப்பினேன். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண் விட்டுவிடும் மேட்டை விரல் கண்டுபிடித்துவிடும்.

தோல் வரிக்கு டெக்ஸ்சர் ஸ்பிரே. நிஜமான வரி வராது, புள்ளிதான் வரும். சீரமைத்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும் என்பதால் பேட் முழுக்க அடித்தேன். அதன்மேல் வினைல் சாயம், ஈரமாக வழியாமல் தூறல் போலப் பல கோட். பளபளப்பில்லாத மேட்தான் எடுக்க வேண்டும். பளபளத்தால் பகலில் முன்கண்ணாடியில் டாஷ்போர்டின் பிம்பம் விழுந்து ரோட்டை மறைக்கும்.

பூட்டும்போது எல்லா நட்டையும் கையால் முடுக்கிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறிமாறி இறுக்கினேன். முழு பலத்தில் இறுக்கினால் மேலே குழி இழுக்கும். பேட் ஆடாத அளவு போதும்.