மூன்றாவது குவியல்

பிப்ரவரி 3
துணித்துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் சுவர்ப்படம் (குவில்ட்), 24க்கு 36 அங்குலம். தூத்துக்குடி உப்பளம், உச்சிவெயில். வானத்துக்கு வெள்ளை வேட்டி, உப்புக் குவியல்களுக்கும் வெள்ளை வேட்டி. சுவரில் குத்திவிட்டு பத்தடி தள்ளி நின்றால் குவியலையே காணோம்.

பிப்ரவரி 4
காடா, வெளுத்த மல், சொட்டு நீலம் போட்டது, பழுப்பேறிய பழைய எட்டு முழம். நாலையும் வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தேன். காடாவும் எட்டு முழமும் ஒரு படி கறுத்தன. நீலம் போட்டதும் மல்லும் ஒன்றேதான்; கிட்டத்தில் அவ்வளவு வித்தியாசம் காட்டியவை! தூரத்தில் உருவத்தைப் பிரிப்பது நிறமில்லை, வெளுப்பும் கறுப்பும்தான். வானம் காடா. குவியல் நீலம் போட்டது. முதல் இரண்டும் எழுந்துவிட்டன. மூன்றாவது, இரண்டாவதின் பின்னால் பாதி மறைந்து, வெள்ளையோடு வெள்ளையாகக் கிடக்கிறது.

பிப்ரவரி 5
வானத்தைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் கருக்கினேன். மழைக்கோலம் வந்துவிட்டது. மழைக்காலமென்றால் குவியல் மேல் ஓலை வேய்ந்திருக்கும். வேண்டாம்.

பிப்ரவரி 8
பாத்திகளுக்குச் சிவப்புச் சுங்குடி. உப்பு முற்றும் தண்ணீர் நுண்ணுயிர்களால் செம்மை தட்டும். சுங்குடிப் புள்ளி அதில் உப்புப் பூத்த மாதிரியே இருக்கிறது. தூரம் காட்ட ஆப்பு வடிவில் வெட்டிய 14 துண்டு. தைத்ததும் நடுவில் அலையடித்தது. ஆப்பில் ஒரு ஓரமாவது கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழும், விழுந்தால் நீளும். எல்லாம் பிரித்தாயிற்று. துணிக்குக் கெட்டிக் கஞ்சி போட்டு, காய்ந்து, இஸ்திரி போட்டபின் புதிதாக வெட்டினேன். கால் அங்குலம் விட்டு, ஒரு தையல் மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே. படிந்துவிட்டது.

பிப்ரவரி 9
கஞ்சிப் பாத்திரம் ரோஸாகிவிட்டது.

பிப்ரவரி 12
மூன்றாவது. துணி மாற்றிப் பயனில்லை, நிழல்தான் பிரிக்கும். அதன் பின்புறம் மட்டும் பாலியெஸ்டர் பஞ்சு ஒரு அடுக்கு கூடுதலாக வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைத்து, மிஞ்சியதை மழுங்கின கத்தரியால் தையலை ஒட்டி நறுக்கினேன். அதன்பிறகே முழு அளவுப் பருத்திப் பஞ்சும் அடித்துணியும். 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு.

பிப்ரவரி 15
14 நம்பர் ஊசியை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த 16. நூல் அறுவது நின்றது.

பிப்ரவரி 17
துணியை நகர்த்தும் மெஷின் பல்லை இறக்கிவிட்டு, கையால் நகர்த்தி, வானம் முழுக்க எட்டிலொரு அங்குல இடைவெளியில் தையல் கோடு. வானம் அமுங்க அமுங்கக் குவியல்கள் உப்புகின்றன. மூன்றாவது நிற்கிறது! திருப்பினால் வளைவுகளில் மேல்நூல் இமைமயிர் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. வளைவில் கை ஓடுகிறது, ஊசி ஓடவில்லை. பிரித்து, மேல்நூல் டென்ஷனை அரைச் சுற்று கூட்டினேன்.

பிப்ரவரி 20
மேல்விளிம்பு 23¼. கீழ்விளிம்பு 24. நெருக்கித் தைத்தது சுருங்கும், தெரிந்ததுதானே. பாத்திகளில் 2 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்த கோட்டை அரை அங்குலத்துக்கு ஒன்றாக்கினேன். 23½ ஆயிற்று. மிச்சக் கால் அங்குலம் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் தீரும். நனைத்தால் சிவப்புச் சாயம் இறங்கும்.

பிப்ரவரி 21
கஞ்சிப் பாத்திரம். அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 22
சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் தைத்த இரண்டு துண்டு. ஒன்றில் தண்ணீர் தெளித்து விட்டுவைத்தேன். காலையில் வெள்ளைக்குள் அரை அங்குலம் ரோஸ். மற்றதை ஒரு வாளி சுடுதண்ணீரில் சோப்புக் கரைசலோடு முழுக அமுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. கொஞ்சத் தண்ணீரில் சாயம் ஊர்ந்து பக்கத்துத் துணியைப் பிடிக்கிறது, நிறையத் தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. உப்புப் போடு என்பார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு கட்டிப்போடாது. உப்பளத்துக்கே உப்பா.

பிப்ரவரி 23
முழுப் படத்தையும் சுடுதண்ணீரில் இறக்கியாயிற்று. இரண்டாவது தண்ணீரும் ரோஸ். மூன்றாவது குவியல் மட்டும் மிதக்கிறது; உள்ளே பாலியெஸ்டர், காற்றை விடமாட்டேன் என்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் சாயம் ஏறும். சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அமுக்கியிருக்கிறேன்.