காய்ச்சல் நாளிலும் நிறுத்தக் கூடாத ஊசி

நவம்பர் 5, 2024, சுங்கை சிப்புட்

அண்ணன் மகளை இன்று விடியற்காலையில் ஆம்புலன்சில் ஈப்போவுக்குக் கொண்டு சென்றார்கள். பதினேழு வயதுப் பெண். சிறு வயதிலிருந்தே முதல் வகை இனிப்பு நீர் நோய்க்கு இன்சுலின் போட்டு வருபவள். தீபாவளி கழிந்ததும் காய்ச்சல் கண்டது. நேற்று முழுவதும் வாந்தியும் வயிற்றுவலியும் இருந்ததால், பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே வீட்டில் எண்ணியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது உதடும் நாக்கும் வறண்டிருந்தன. மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஓடியது. அந்த மூச்சில் கனிந்த பழத்தின் வாடை அடித்தது. தாதியாக வேலை செய்த காலத்தில் அந்த வாடையைப் பலமுறை அறிந்திருக்கிறேன். உடனே 999-ஐ அழைக்கச் சொன்னேன்.

அவசரப் பிரிவில் ரத்தச் சீனி 28 மில்லிமோல், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் 5.9, ரத்தத்தின் அமிலநிலையைச் சொல்லும் பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடும்) 7.1 என்று காட்டியது. கீட்டோன் 3-க்கு மேலும் பிஹெச் 7.3-க்குக் கீழும் போனாலே ஆபத்து. டயாபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ் (DKA) என்பது இதன் பெயர்.

“சாப்பிடாமல் கிடக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டால் சீனி இறங்கிவிடுமே” என்று அஞ்சி, அண்ணி இரண்டு நாளாக இன்சுலினை நிறுத்தி வைத்திருந்தார். தாய்க்கு வரக்கூடிய பயம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த எண்ணம் நம் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு இருப்பதால்தான் இந்தக் குறிப்புகளை எழுதிப் பகிர்கிறேன்.

நவம்பர் 6

பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. வார்டுக்கு வெளியே அண்ணன் என்னிடம், “சோறே சாப்பிடாதவளுக்குச் சீனி எப்படியம்மா ஏறும்?” என்று கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சீனி உணவிலிருந்து மட்டும் வருவதில்லை; கல்லீரலும் அதை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் போன்ற சுரப்புகள் கூடி, கல்லீரலை இன்னும் அதிகமாகச் சீனியை வெளியிடத் தூண்டுகின்றன. ஆகவே பட்டினி கிடந்தாலும் இன்சுலின் தேவை குறையாது, பெரும்பாலும் கூடவே செய்யும். அந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்திவிட்டால், ரத்தம் முழுக்கச் சீனி இருந்தும் தசைகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அதைக் கல்லீரல் கீட்டோன்களாக மாற்றுகிறது. கீட்டோன்கள் பெருகப் பெருக ரத்தம் அமிலமாகிறது. அந்த அமிலத்தைக் குறைக்கக் கரியமில வாயுவை வெளியே தள்ளும் முயற்சிதான் நான் கண்ட அந்த மூச்சு. ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1874-இலேயே அதை விவரித்திருக்கிறார். மிகுந்த சீனி சிறுநீரோடு வெளியேறும்போது உடலின் நீரையும் உப்புகளையும் சேர்த்தே இழுத்துப் போகிறது. வாந்தி அந்த இழப்பை இன்னும் கூட்டுகிறது.

அதனால்தான் மருத்துவமனையில் முதலில் ஏற்றியது உப்புநீர். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்ற கணக்கில் இன்சுலின் சொட்டாக இறங்கியது. இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும். ரத்தத்தில் அது அளவுக்கு மீறிக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அடிக்கடி ரத்தம் எடுப்பது அதைக் கவனிக்கத்தான். சீனி 14-க்குக் கீழே வந்ததும் குளுக்கோஸ் நீரையும் சேர்த்து ஏற்றினார்கள். “சீனி நோய்க்காரிக்குச் சீனித் தண்ணியா?” என்று அண்ணி பதறினார். கீட்டோன் மறையும் வரை இன்சுலினை நிறுத்த முடியாது. அதுவரை சீனி தாழ்ந்துவிடாமல் காப்பதற்கே அந்தக் குளுக்கோஸ்.

1922 ஜனவரியில் டொரோண்டோவில் பதினான்கு வயது லியோனர்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் கொடுத்தபோதும் கதை இதுவே. 11-ஆம் தேதி போட்ட ஊசியில் சீனி ஓரளவு குறைந்தும் கீட்டோன் போகவில்லை. சுத்திகரித்த மருந்தை 23-ஆம் தேதி முதல் கொடுத்த பிறகே சிறுநீரில் கீட்டோன் மறைந்தது.

நவம்பர் 7

கீட்டோன் 0.4. கஞ்சி குடித்தாள். தோலுக்கடியில் போடும் வழக்கமான ஊசியைக் கொடுத்த பிறகும் சிறிது நேரம் சொட்டு இன்சுலினை ஓடவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

நவம்பர் 10

வீடு திரும்பிவிட்டாள். மருத்துவர் சொன்ன காய்ச்சல் நாள் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எந்த நிலையிலும் தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, சீனியும் கீட்டோனும் பார்க்க வேண்டும். சீனி கூடியிருந்தால் வெறும் தண்ணீரையும், தாழ்ந்திருந்தால் இனிப்புப் பானத்தையும் கொஞ்சங்கொஞ்சமாகப் பருக வேண்டும். கூடுதல் ஊசி எவ்வளவு என்பதை அவளுக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளின்படியே முடிவு செய்ய வேண்டும். கீட்டோன் 3-ஐத் தொட்டாலோ, வயிற்றில் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, மூச்சு மாறினாலோ மறுநாள் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

ரத்தக் கீட்டோன் பட்டை விலை கூடுதல் என்பதால் சிறுநீர்ப் பட்டையை வாங்கினோம். இல்லாததற்கு அது மேல். ஆனால் ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோனை அது காட்டாது, சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையையே சொல்லும். உடம்பு முடியாதபோது அதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நவம்பர் 13

பிள்ளையைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து வந்த பெரியப்பா, செம்பனை வெட்டிய காலத்திலிருந்தே இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ளவர். “எனக்கு மாத்திரைதானே, இது வராது” என்றார். அவர் பையிலிருந்த மருந்துகளில் எம்பாகிளிஃப்ளோசினும் இருந்தது. சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுவதுதான். ஆனால் அதை உட்கொள்பவர்களுக்கு, ரத்தச் சீனி பெரிதாக ஏறாத நிலையிலேயே கீட்டோன் பெருகி இதே ஆபத்து நேரலாம். விரல் நுனியில் பார்த்த அளவு 11 என்று காட்டினால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பதே அதில் உள்ள அபாயம். வாந்தி, காய்ச்சல், பட்டினி நாள்களில் அந்த மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைப் பார்க்கவேண்டும். இன்சுலினும் போடுகிறவர்கள் ஊசியை நிறுத்தக் கூடாது. தைப்பூச விரதம் இருக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. விரதம் தொடங்கும் முன் மாத்திரையைப் பற்றிக் கிளினிக்கில் கேட்பதாக ஒப்புக்கொண்டார். மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன்.