குளம் ரோஸ் ஆன வாரம்

வீட்டில் மராமத்து வேலை என்றால் நாலு நாள் மாமியார் வீட்டில் போய் இருந்துகொள்ளலாம். ஊர்ச் சாக்கடையை எங்கே அனுப்புவது?

தென்மாவட்டத்து நகராட்சி ஒன்றின் கழிவுநீர்க் குளங்களைச் செப்பனிடும் வேலையில் பிப்ரவரியிலிருந்து சைட்டில் கிடக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கரண்டே இல்லாமல் சுத்தம் செய்யும் பழைய முறை இது. முதலில் ஒரு ஆழமான குளம், அதில் கசடு அடியில் தங்கிக் காற்றில்லாமல் அழுகும். அடுத்தது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அகலமான குளம், பாசி பகலெல்லாம் ஆக்ஸிஜன் கொடுக்க அதை வைத்து பாக்டீரியா மிச்சத்தைத் தின்னும். கடைசிக் குளம் ஒரு மீட்டர்தான், அங்கே கிருமிகளை வெயில் பார்த்துக்கொள்ளும். இப்படி இரண்டு வரிசை. இரண்டாகப் பிரித்துக் கட்டியவர் யாரோ புண்ணியவான், ஒற்றை வரிசையாக இருந்திருந்தால் நான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு வரிசையை அடைத்துவிட்டு மொத்தத்தையும் மற்றதில் விட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் தண்ணீரைப் பிரித்துவிடும் தொட்டியில் இருந்த ஷட்டர் கடைசியாக எப்போது இறங்கியது என்று யாருக்குமே நினைவில்லை. மூன்று பேர் சக்கரத்தில் தொங்கியும் அசையவில்லை. கேஸ் வைத்து அறுத்துவிடலாம் சார் என்றார் ஃபிட்டர். மீத்தேன் கிளம்பும் இடத்தில் நெருப்பு! தொட்டிக்குள் ஆளை இறக்கவும் கூடாது, 2013ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கியிருக்க மாட்டேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருப்பது அழுகின முட்டை வாடை அடிக்கிறவரை தெரியும், அது 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) தொட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதுதான் ஆளைக் கொல்லும் நேரம். கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்கு, ஊர் தூங்கி வரத்து குறைந்த நேரத்தில், மேலிருந்தபடியே தொட்டிச் சுவரில் பள்ளமாக ஓடும் காடிக்குள் பலகைகளைக் கயிற்றில் இறக்கி மணல் மூட்டை அடுக்கினோம். காலை ஆறு மணிக்கு ஊரே குளிக்க ஆரம்பிக்குமுன் முடித்தாக வேண்டும். ஐந்தே முக்காலுக்கு முடிந்தது.

அப்புறம் கசடு. எஸ்டிமேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி. கரைக்குக் கல் பதிப்பது, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவது எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது, கசடுக்கு ஒரு வரி! ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 40 லிட்டர் என்பது பொதுவாகப் போடும் கணக்கு. 50,000 பேர் இருக்கும் ஊருக்கு வருஷம் 2,000 கன மீட்டர், 3 யூனிட் (300 கன அடி) டிப்பரில் ஏறக்குறைய 235 லோடு. குளம் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே வாரியிருக்க வேண்டும். யாரும் வாரவில்லை. மேல்தண்ணீரை இறைத்துவிட்டு வெயிலில் போட்டோம். ஒரு மாதத்தில் மேலே ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்ததை நம்பி ஹிட்டாச்சியை இறக்கினேன், அடியில் அல்வா. கால் மணி நேரத்தில் செயின் முழுக்க உள்ளே போய், இன்னொரு வண்டி வைத்து இழுக்க அரை நாள் ஆனது. அதற்குப் பிறகு நீளக் கை வைத்த வண்டியைக் கரையில் நிறுத்தித்தான் அள்ளினோம். இதற்கு நடுவில் வெடிப்புகளில் தக்காளிச் செடி முளைத்துக் காய்க்கவே ஆரம்பித்துவிட்டது. விதை எந்த வழியாக வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓரத்துச் சேற்றில் நெடுங்கால் உள்ளான் பறவை ஜோடி ஒன்று முட்டை வைத்திருந்தது. அந்த மூலையை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டேன். மெல்போர்ன் பக்கத்தில் வெர்ரிபீ என்ற இடத்தில் 1890களிலிருந்து கழிவுநீர்ப் பண்ணை நடக்கிறது, அங்கே பறவை பார்க்க ஆட்கள் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே என்னைப் பார்த்து ஆபரேட்டர் சிரித்தார்.

மே மாதம்தான் பயந்துபோனேன். ஓடிக்கொண்டிருந்த வரிசைக்கு இரட்டைச் சுமை, தண்ணீர் தங்கும் நாளும் பாதி. விடிகாலையில் வாட்ச்மேன் பெரியவர் போன் செய்து, "தம்பி, குளம் ரோஸ் ஆயிப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தால் நேற்றுவரை பச்சையாக இருந்த நடுக்குளம் ரோஸ் மில்க் மாதிரி நிற்கிறது. சுமை தாங்காமல் ஆக்ஸிஜன் தீர்ந்து, பாசி இருந்த இடத்தைக் கந்தகத்தில் வாழும் பாக்டீரியா பிடித்துக்கொண்டதற்கு அடையாளம் அது. வாடகைக்கு டீசல் பம்ப் ஒன்று எடுத்து, கடைசிக் குளத்தின் பாசித் தண்ணீரை ராப்பகலாக நடுக்குளத்தில் தண்ணீர் நுழையும் முனைக்குத் திருப்பிவிட்டோம். பச்சை திரும்ப பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் காற்று ஊர்ப்பக்கம் அடித்தால் எனக்குத்தான் போன் வரும்.

செப்பனிட்ட வரிசையில் எடுத்தவுடன் சாக்கடையை விடவில்லை. நடுக்குளத்தில் முதலில் நல்ல தண்ணீரை நிரப்பிப் பாசி பிடிக்க விட்டோம், ஆழக் குளத்தில் பழைய கசடு நாலு லோடை உறைமோர் மாதிரி போட்டு வைத்தோம். பிறகுதான் தினம் ஒரு பலகையாக உருவினோம்.

இரண்டாவது வரிசையை இப்போது தொட முடியாது. ஐப்பசி அடைமழையில் மழைத்தண்ணீரும் மேன்ஹோல் வழியாக உள்ளே வந்துவிடும், ஒற்றை வரிசை தாங்காது. தை பிறக்கட்டும். அந்தப் பக்கத்து ஷட்டருக்குப் போன வாரமே கிரீஸ் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன், முக்கால்வாசி இறங்குகிறது.